தைலத்தில் விழுந்த ஈ

மண்டபத்தூர், காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில் வங்கக் கடலை ஒட்டி அமைந்துள்ள மீனவர் ஊர். படகுகள் கரை சேர்ந்தபின், விற்றது போக எஞ்சிய மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்துவது இக்கரை ஊர்களின் வழக்கம். மீன் உலரும் இடத்தில் ஈக்குப் பஞ்சம் உண்டா? கையால் ஓட்டினால் பறக்கும். கையை எடுத்தால் திரும்ப வந்து மொய்க்கும். ஈயைப் பற்றி இவ்வூர்ச் சிறுவனுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அத்தகைய மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடம் படிப்பதாக வைத்துக் கொள்வோம். பாடம் ஒரு சுற்றுலாவைப் பற்றியது. நல்ல வெயில், நல்ல உணவு, நல்ல நண்பர்கள். ஆனால் திரும்பும் வழியில் பேருந்து பழுதாகிவிட்டது. அதுதான் 'ஃப்ளை இன் தி ஆயின்ட்மென்ட்' என்று பாடம் முடிகிறது. மாணவன் திகைக்கிறான். 'ஃப்ளை' என்றால் ஈ என்பது அவனுக்குத் தெரியும். 'ஆயின்ட்மென்ட்' என்பது மருந்துக் கடையில் குழாயில் அடைத்து விற்கும் களிம்பு. அதுவும் தெரியும். ஆகவே 'களிம்பில் ஈ' என்று எழுதுகிறான். சொல்லுக்குச் சொல் சரி, பொருளோ பிழை. பேருந்துக்கும் களிம்புக்கும் என்ன தொடர்பு? மூடிய குழாய்க்குள் ஈ எப்படிப் புகுந்தது?

எல்லாம் நன்றாக அமைந்திருக்கையில் இடையே புகுந்து இன்பத்தைக் கெடுக்கும் ஒரு சிறு தொல்லையைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் மரபுத்தொடர் இது. இதைக் கேட்டவுடன், 'இது வெள்ளைக்காரர் வழக்கு, நமக்கு எப்படிப் புரியும்?' என்று நம் மாணவர்கள் மனம் சோர்வதுண்டு. சோர்வு வேண்டியதில்லை. இந்த ஈ ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் அச்சேறிவிட்டது. அச்சேறிய இடமும் மண்டபத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது! அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மரபுத்தொடர் என்பது யாது?

ஒரு தொடரிலுள்ள சொற்களின் பொருளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தாலும் கிடைக்காத வேறொரு பொருள் அத்தொடருக்கு இருக்குமானால், அதை மரபுத்தொடர் என்கிறோம். 'அவன் கடையில் ஈ ஓட்டுகிறான்' என்றால், வாடிக்கையாளர் வரவில்லை என்பது நமக்குப் பொருள். தமிழ் கற்கும் அயல்நாட்டார் ஒருவர் இதைக் கேட்டால், கடைக்காரர் தூய்மையில் அக்கறை உள்ளவர் என்று பாராட்டக்கூடும். 'கழுத்தை அறுக்கிறான்' என்று சொன்னால் காவல் நிலையத்துக்கே ஓடிவிடுவார். பேசிப் பேசிச் சலிப்பூட்டுகிறான் என்ற பொருள் அவருக்கு எப்படித் தெரியும்? வியப்பு என்னவென்றால், ஆங்கிலேயரும் தொல்லை தருபவனைக் 'கழுத்து வலி' என்றே குறிப்பிடுகிறார்கள்!

ஆகவே மரபுத்தொடரில் இடறுவது தமிழ்வழிக் கல்வி பயில்வோருக்கு மட்டும் நேரும் குறையன்று. எந்த மொழியை யார் புதிதாகக் கற்றாலும் நேர்வதே. ஒவ்வொரு மரபுத்தொடரின் பின்னாலும் ஒரு பொருளோ, ஒரு தொழிலோ, ஒரு பழக்கமோ ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் தொடர் தானே விளங்கிவிடும். நம் ஈயின் பின்னால் ஒளிந்திருப்பது எது?

ஈ வந்த வழி

இந்த ஈ இங்கிலாந்தில் பிறந்ததன்று. அதன் தாயகம் மேற்கு ஆசியா. யூதர்களின் மறைநூல்களில் ஒன்றான 'பிரசங்கி' என்னும் நூல் எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதன் பத்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இந்த உவமை வருகிறது. நறுமணத் தைலம் செய்பவன் அரும்பாடுபட்டுக் காய்ச்சிய தைலத்தை ஈக்கள் விழுந்து நாறச் செய்துவிடும். அதுபோலச் சிறிதளவு மூடத்தனம்கூட ஒருவனுடைய அறிவுக்கும் பெருமைக்கும் கேடாகிவிடும் என்பது அதன் கருத்து.

எபிரேய மூலத்தில் உள்ள தொடர் 'சாவின் ஈக்கள்' என்று பொருள்படும். செத்த ஈக்கள் என்றும் கொள்ளலாம். சாவைத் தரும் ஈக்கள் என்றும் கொள்ளலாம். மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவற்றைக் கேடு விளைக்கும் ஈக்களாகக் கொண்டார். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ அவற்றைச் செத்த ஈக்கள் என்றது. அந்நூல் ஆங்கில நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேவாலயங்களிலும் வீடுகளிலும் படிக்கப்பட்டது. கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள் நீண்ட உவமையைச் சுருக்கித் 'தைலத்தில் ஈ' என்று பேச்சில் வழங்கலாயினர். செத்ததா, உயிருள்ளதா என்ற ஆராய்ச்சியும் மறைந்தது. மூடத்தனத்தைப் பற்றிய அறிவுரையும் மறைந்தது. இன்பத்தைக் கெடுக்கும் சிறு தொல்லை என்ற பொருள் மட்டும் நிலைத்தது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1611இல் 'ஆயின்ட்மென்ட்' என்ற சொல் மணம் ஊட்டிய எண்ணெயையும் குறித்தது. இன்று அது பெரும்பாலும் புண்ணுக்குத் தடவும் களிம்பையே குறிக்கிறது. ஆகவே இன்று லண்டனில் படிக்கும் சிறுவனுக்கும் குழாய்க் களிம்பில் ஈ எப்படிப் புகுந்தது என்பது புதிர்தான். மாறாக, நம் தமிழ் மொழிபெயர்ப்பில் 'தைலம்' என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. வாயகன்ற சட்டியில் எண்ணெய் காய்ச்சி மூலிகை சேர்த்து ஆறவைப்பதைப் பாட்டி வீட்டில் பார்த்திருக்கும் தமிழ்ச் சிறுவனுக்கு, ஈ எப்படி விழுந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அவ்வகையில் இந்த 'ஆங்கில' மரபுத்தொடர் ஆங்கிலச் சிறுவனைவிட நமக்கே நெருக்கமானது.

ஒரு சிறு ஈ தைலத்தைக் கெடுப்பது எப்படி?

உவமை வெறும் கற்பனையா, அறிவியல் உண்மையா என்பதையும் பார்ப்போம். பண்டைக்கால நறுமணத் தைலங்கள் பெரும்பாலும் ஒலிவ எண்ணெய் போன்ற எண்ணெயில் மணப்பொருள்களை ஊறவைத்தோ காய்ச்சியோ செய்யப்பட்டவை. தூய எண்ணெயில் நீர் இராது. நீர் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் பெருகுவது அரிது. நன்கு காய்ச்சிய எண்ணெய் நெடுநாள் கெடாமல் இருப்பது இதனால்தான். உப்பிட்ட கருவாடு கெடாமல் இருப்பதற்கும் இதுவே அடிப்படை. உப்பு மீனிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. வெயில் அதை மேலும் உலர்த்துகிறது.

ஈ விழுந்தால் நிலைமை மாறுகிறது. ஈயின் உடலில் நீர் இருக்கிறது; செரிமான நொதிகள் இருக்கின்றன. குப்பையிலும் சாணத்திலும் அமர்ந்து வந்த அதன் கால்களிலும் மயிர்களிலும் குடலிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இறந்த ஈயின் உடல் அழுகும்போது துர்நாற்றம் பிறக்கிறது. மணம் என்பது மிக நுட்பமானது. குடம் நிறைய நறுமணம் இருந்தாலும், மூக்குக்கு முதலில் எட்டுவது அதில் கலந்த சிறிதளவு அழுகல் நாற்றமே. கெட்டுப்போன உணவை விலக்கி உயிர் பிழைக்க இந்த உணர்வு நமக்குத் துணை செய்கிறது. உவமையைச் சொன்ன பழைய ஆசிரியர் நுண்ணுயிர்களை அறியார். ஆனால் தைலக்காரனின் பட்டறையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

ஈயின் பெருக்கமும் வியப்புக்குரியது. வீட்டு ஈ ஒரு முறைக்கு ஏறத்தாழ 75 முதல் 150 முட்டைகள் வரை இடும். வாழ்நாளில் சுமார் 500 முட்டைகள் இடக்கூடும். வெப்பமான பருவத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, ஏழு முதல் பத்து நாள்களில் முழு ஈயாகிவிடும். இவ்வளவு விரைவாகப் பெருகும் பூச்சி, மேற்கு ஆசியாவிலும் இங்கிலாந்திலும் காவிரிக் கழிமுகத்திலும் மக்கள் பேச்சில் இடம் பிடித்ததில் வியப்பில்லை.

நண்டலாற்றுக்கு அப்பால்

இனி நம் கரைக்கு வருவோம். மண்டபத்தூருக்குத் தெற்கே காரைக்கால். அதைப் பிரெஞ்சுக்காரர் 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்றனர். வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் இன்றைய மயிலாடுதுறை மாவட்டம். பொறையாறும் தரங்கம்பாடியும் அடுத்தடுத்து வரும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620இல் கோட்டை கட்டினர். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் இருந்தனர். ஒரு நாள் நடைப்பயணத்தில் நான்கு ஐரோப்பிய மொழிகள் காதில் விழக்கூடிய கரை இது. இங்கே அயல்மொழி கற்பது ஏட்டுக் கல்வியாக இருக்கவில்லை, பிழைப்பாக இருந்தது.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் 23 வயதான ஜெர்மானியர் ஒருவர். அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னரின் ஆதரவில் சமயப் பணிக்கு வந்த அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் செய்தது என்ன? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறுவர்களோடு சிறுவராக மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், படித்தார், கேட்ட சொற்களையெல்லாம் குறித்து வைத்தார். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 சொற்கள் அவருடைய தொகுப்பில் சேர்ந்திருந்தன. நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய நூல்களை 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வரலாற்றில் இடறி விழுந்து கற்ற மாணவர் ஐரோப்பியர். கற்பித்த ஆசிரியர் தமிழர்.

இங்கிலாந்திலிருந்த சமயக் கழகம் ஒன்று அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தனர். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகட்டையும் உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. பொறையாற்றில் தாள் பட்டறையும் நிறுவினர். அந்த நினைவாகக் 'கடுதாசிப்பட்டறை' என்ற இடப்பெயர் இன்றும் அங்கு வழங்குகிறது.

புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சிட்டு முடிந்தது. பழைய ஏற்பாட்டை ரூத்து என்னும் நூல் வரை மொழிபெயர்த்த நிலையில், 1719ஆம் ஆண்டு பிப்ரவரியில், 36 வயதில், சீகன்பால்கு காலமானார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். 1728க்குள் முழுவதும் தரங்கம்பாடியில் அச்சேறிவிட்டது. இந்திய மொழிகளில் முழுமையாக அச்சான முதல் விவிலியம் இதுவே. பிரசங்கி என்னும் நூல் ரூத்துக்குப் பின்னால் வருவது. ஆகவே ஈ விழுந்த தைலத்தைத் தமிழில் தந்த பொறுப்பு சூல்ட்சேயைச் சார்ந்தது.

அப்போது தரங்கம்பாடியில் ஆங்கில ஆட்சி இல்லை. அது வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. டேனிஷ்காரர் அவ்வூரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது 1845இல்தான். அதாவது ஆங்கிலேயருக்கு முன்பே அவர்களுடைய மரபுத்தொடரின் மூலம் இக்கரைக்கு வந்து தமிழ் எழுத்தில் அமர்ந்துவிட்டது. 'கண்ணில் துரும்பு', 'உடலில் முள்' என்று ஆங்கிலேயர் வழங்கும் வேறு சில தொடர்களின் மூலமும் இவ்வாறே 1715க்குள் தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகியிருந்தது.

கைமாறிய அச்சுப்பொறியும் அகராதிகளும்

ஒரு நூலை மொழிபெயர்ப்பது வேறு. அன்றாடப் பேச்சைப் புரிந்துகொள்வது வேறு. பின்னதற்கு அகராதி வேண்டும். அதன் வரலாற்றிலும் நம் பகுதிக்குப் பங்குண்டு.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்கு எடுத்துச் சென்றனர். அதை வேப்பேரியில் பணியாற்றிய யோவான் பிலிப் பப்ரிசியு என்ற ஜெர்மானியரிடம் ஒப்படைத்தனர். அவர் தரங்கம்பாடி வழியே தமிழகம் வந்தவர். அவரும் பிரைத்தாப்ட் என்பவரும் சேர்ந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் வெளியாயிற்று. அக்கால ஐரோப்பியர் வழக்கப்படி தமிழை அவர்கள் 'மலபார் மொழி' என்றே குறித்தனர். ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட அந்நூல் பின்னாளில் விரிவாக்கப்பட்டுத் தரங்கம்பாடியிலேயே மறுபதிப்புகள் கண்டது. நான்காம் பதிப்பு 1972இல் வெளிவந்தது. தனிச் சொல்லோடு நில்லாமல், அச்சொல் வரும் வழக்குத் தொடர்களையும் அதன் கீழேயே தருவது அதன் சிறப்பு.

பிரெஞ்சுக்காரரும் சும்மா இருக்கவில்லை. முசே, துய்ப்புய் ஆகிய பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி 1855இலும் இரண்டாம் தொகுதி 1862இலும் புதுச்சேரியில் அச்சாயின. அதே 1862இல் வின்சுலோவின் பெரிய தமிழ்–ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது.

பேச்சு வழக்கின் உயிர்நிலை பழமொழியில் இருக்கிறது என்பதை உணர்ந்த சிலர் பழமொழிகளையே தொகுத்தனர். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலப் பொருளோடு தந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897இல் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி வெளியிட்டார். நம் வீட்டுப் பெரியோர் போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைகளைப் பிற நாட்டார் எத்தனை பொறுமையோடு கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆங்கிலமும் இக்கரையிலிருந்து வெறுங்கையோடு போகவில்லை. மீனவரின் கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது. மிளகுதண்ணீர் 'முல்லிகட்டானி' ஆகி ஆங்கிலேயர் உணவு மேசைக்குச் சென்றது. மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்வது.

ஒரே தொல்லை, பல உருவங்கள்

நல்லதைக் கெடுக்கும் சிறு தொல்லையை ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் வாழ்க்கையிலிருந்து எடுத்த பொருளால் குறிக்கின்றனர். ரஷ்யர்களுக்கு அது பீப்பாய்த் தேனில் விழுந்த ஒரு கரண்டித் தார். டேனிஷ்காரருக்குக் கிண்ணத்து மதுவில் கலந்த கசப்பு மூலிகை. ஜெர்மானியருக்கு அது சூப்பில் கிடக்கும் மயிர். ஆனால் ஜெர்மன் மொழியில் 'சூப்பில் மயிரைக் காண்பவன்' என்றால் எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவன் என்று பொருள். பிரெஞ்சு மொழியிலும் சூப்பு உண்டு, மயிரும் உண்டு. ஆனால் அங்கே 'சூப்பின்மேல் மயிர்போல் வந்தான்' என்றால், வேண்டாத நேரத்தில் வந்து சேர்ந்தான் என்று பொருள். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிரெஞ்சு கற்கும் மாணவர்களும் உள்ளனர். ஒரே மயிர் இரு மொழிகளில் இரு பொருள் தருவதை அவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

தமிழில் எப்படி? 'ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு' என்ற பழமொழி உடனே நினைவுக்கு வரும். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். நஞ்சு கலந்த பாலைக் குடித்தால் உயிர் போகும். ஆங்கில ஈயோ உயிரை வாங்காது. முகம் சுளிக்க வைக்கும், அவ்வளவே. பழமொழியின் நஞ்சு மிகக் கனமானது. பேருந்து பழுதானதற்கு அது பொருந்தாது. பாயசத்தில் கல் கடிபட்டது போல என்று சொன்னால் ஏறக்குறைய அளவு சரியாக இருக்கும்.

தமிழரிடம் முற்றிலும் வேறான ஒரு பார்வையும் உண்டு. அழகான குழந்தையின் கன்னத்தில் நாமே மையால் ஒரு பொட்டு வைக்கிறோம். புதுவீட்டின் முகப்பில் பூசணிக்காயில் கோர உருவம் வரைந்து தொங்கவிடுகிறோம். எல்லாம் நிறைவாக நடந்த திருமணத்தில் சாம்பாரில் மட்டும் உப்பு கூடிவிட்டால், 'போகட்டும், திருஷ்டி கழிந்தது' என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் இன்பத்தைக் கெடுக்கும் சிறு குறை, தமிழில் இன்பத்தைக் காக்கும் காவலாகிவிடுகிறது! கண்ணேறு என்ற நம்பிக்கைக்கு அறிவியல் சான்று இல்லை. ஆயினும் சிறு குறையைப் பொறுத்துக் கொள்ளும் மனப்பாங்கு அந்தப் பேச்சில் பதிந்திருக்கிறது. 'தைலத்தில் ஈ' என்பதைத் 'திருஷ்டிப் பொட்டு' என்று மொழிபெயர்த்தால் குறையின் அளவு பொருந்தும், மனநிலை நேர்மாறாகிவிடும். மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இதுதான்.

ஈயடிச்சான் காப்பி

எழுத்தர் ஒருவரைப் பற்றிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பழைய ஏடு ஒன்றைப் பார்த்து எழுதும் வேலை அவருக்கு. மூலத்தில் ஒரு பக்கத்தில் செத்த ஈ ஒன்று ஒட்டிக் கிடந்தது. எழுத்தர் கடமை தவறாதவர். ஓர் ஈயை அடித்துத் தம் படியிலும் அதே இடத்தில் ஒட்டி வைத்தாராம்! சிந்திக்காமல் உள்ளதை உள்ளபடி பார்த்து எழுதுவதற்கு 'ஈயடிச்சான் காப்பி' என்ற பெயர் இதனால் வந்தது என்பார்கள்.

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவரும் இந்த எழுத்தரைப் போன்றவரே. 'களிம்பில் ஈ' என்று எழுதிய நம் மாணவன், ஆங்கில ஏட்டிலிருந்த செத்த ஈயைத் தமிழ் ஏட்டில் ஒட்டினான். தமிழ்ப் பேச்சை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்க்கும்போதும் இதே தவறு நேர்கிறது.

தேர்வில் இதனால் இழப்பது ஒன்றிரண்டு மதிப்பெண்கள்தாம். வாழ்க்கையில் இழப்பு பெரிதாக இருக்கக்கூடும். ஒரு கடற்கரை ஊரார் தங்கள் ஊரில் கடலரிப்பால் வீடுகள் இடிவதைக் குறித்து மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுவதாக வைத்துக் கொள்வோம். எழுதித் தரும் இளைஞர், தாம் புதிதாகக் கற்ற மரபுத்தொடர் அழகாக இருக்கிறதே என்று கடலரிப்பைத் 'தைலத்தில் ஈ' என்று குறித்துவிட்டால் என்ன ஆகும்? படிக்கும் அதிகாரிக்கு, 'இவ்வூரில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஏதோ ஒரு சிறு தொல்லை மட்டும் உண்டு' என்றே பொருள்படும். வீடு இழந்தவரின் துயரம் ஓர் ஈயின் அளவுக்குச் சுருங்கிவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கண்ட கரை இது. எது ஈ, எது அலை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பது இக்கரை மக்களுக்கு வெறும் மொழி நயம் அன்று, தேவையும் ஆகும்.

கற்கும் முறை

சீகன்பால்கு மணலில் எழுதிக் கற்ற முறையிலிருந்து நாம் சில பாடங்களைப் பெறலாம்.

முதலாவது, தொடரின் பின்னுள்ள பொருளைக் காணுங்கள். தைலம் காய்ச்சும் பாத்திரம் கண்முன் வந்தால் ஈ தானே வந்து விழும். பொருளை மறந்து ஒலியை மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த நாளே மறந்துவிடும்.

இரண்டாவது, தொடரின் அளவைக் காணுங்கள். அது பெருந்துயருக்கு உரியதா, சிறு எரிச்சலுக்கு உரியதா, வேடிக்கைக்கு உரியதா என்று கேட்டு அறியுங்கள். 'தைலத்தில் ஈ' வருமிடத்தில் நல்ல தைலம் முதலில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள எல்லாம் நன்றாக இருந்தால்தான் ஈக்கு அங்கே வேலை. இதனால்தான் ஆங்கிலேயர் பெரும்பாலும் 'ஒரே' என்ற சொல்லைச் சேர்த்து, 'தைலத்தில் விழுந்த ஒரே ஈ' என்று பேசுகிறார்கள்.

மூன்றாவது, நம் மொழியில் அதே இடத்தில் நாம் என்ன சொல்வோம் என்று எண்ணுங்கள். கல் கடிபட்ட பாயசமா, துளி நஞ்சா, திருஷ்டிப் பொட்டா? மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆங்கிலத் தொடரின் பொருளும் தெளிவாகும். தமிழ்த் தொடர்களின் நுட்பமும் புலப்படும். தாய்மொழி வழியே கற்பவருக்கு உள்ள நல்வாய்ப்பு இது. ஒப்பிடுவதற்கு அவரிடம் நிறைந்த பெட்டகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

நான்காவது, குறித்து வையுங்கள். பப்ரிசியுவும் பெர்சிவலும் ஜென்சனும் செய்தது அதுவே. ஒரு சிறு குறிப்பேடு போதும். ஒரு பக்கத்தில் பள்ளியில் கற்ற ஆங்கிலத் தொடர். எதிர்ப்பக்கத்தில் கடற்கரையிலும் களத்துமேட்டிலும் கேட்ட தமிழ்த் தொடர். மீனவர் பேச்சில் வழங்கும் பல தொடர்கள் இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவற்றை எழுதி வைப்பவர் ஆங்கிலம் கற்கும் அதே வேளையில் தமிழுக்கும் தொண்டு செய்தவராவார்.

மேற்கு ஆசியாவில் ஒரு தைலக்காரனின் பாத்திரத்தில் விழுந்த ஈ, எபிரேயம், ஜெர்மன், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் சுற்றி, தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ் எழுத்தில் அமர்ந்தது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து அதே ஈ ஆங்கிலப் பாடநூல் வழியாக மண்டபத்தூர் மாணவனின் மேசைக்கு வருகிறது. அவன் அதை அந்நியன் என்று அஞ்சி ஓட்ட வேண்டியதில்லை. எங்கிருந்து வந்தாய் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தன் கதையை அதுவே சொல்லிவிடும்.